ஐந்தாம் வார்த்தை

என் பெயர் ஏசுவடியான்.
சிரிக்க வேண்டாம்.
பாஸ்போர்ட் அதிகாரி முதல் பல் டாக்டர் வரை
சிரித்து முடித்தாகிவிட்டது.
நம்பிக்கை கழன்ற பிறகும்
பெயரைக் கழற்றவில்லை.
வைத்தவள் அம்மை,
அவளோடு எனக்கு வழக்கு இல்லை.

கருங்கல் சந்தைக்கு எதிரே
ஆம்ப்ளிஃபயர் பழுது பார்க்கும் கடை.
சபைக் கோபுரத்தின் நான்கு கூம்பு ஒலிபெருக்கிகளும்
நான் கட்டியவை.
அவற்றின் மேல் காவல் நிலையத்தில்
மனு கொடுத்ததும் நான்தான்.
விடிகாலை நாலரைக்கு
மகளின் வேதியியல் புத்தகத்துக்குள்
நூற்றுப் பத்தொன்பதாம் சங்கீதம்
முழு நீளத்துக்கும் இறங்கினால்
தகப்பன் வேறென்ன செய்வான்?

அந்த வாரம் கடைப் பலகையில்
யாரோ சாணி பூசினார்கள்.
நானும் சும்மா இருக்கவில்லை.
கன்வென்ஷன் பந்தலின் வாசலில் நின்று
கால் சுகமாயிற்று என்றால்
அந்தப் பையன் கம்பை ஏன்
வீட்டுக்குத் திரும்பக் கொண்டுபோகிறான் என்று
உரக்கக் கேட்டேன்.
கேள்வி சரிதான்.
பையனின் தாய் என் முழங்கைத் தூரத்தில் நின்றிருந்தாள்,
அதைப் பார்க்கவில்லை.
பார்த்திருந்தால் மெதுவாகக் கேட்டிருப்பேனா,
இன்றுவரை தெரியாது.

கமிட்டிச் செயலாளர் றசலையன்
அதன்பின் என்னைக் கண்டால்
குடையை முகத்துக்குத் தாழ்த்துவார்.

பெரிய வெள்ளி.
ஊரில் திறந்திருந்த ஒரே கடை என்னுடையது.
கொள்கைக்காகத் திறந்தேன்,
ஈக்கள் வந்தன.
பன்னிரண்டிலிருந்து மூன்றுவரை
சிலுவையில் சொன்ன ஏழு வார்த்தைகள்.
நான்கு முடிந்து, ஐந்தாவது.
"தாகமா..."
அத்தோடு கூம்புகள் செத்தன.

பத்து நிமிடத்தில் கடைவாசலில் றசலையன்.
குடையில்லை, செருப்புமில்லை.
"பின்பெஞ்சில இருக்கியவங்களுக்கு
ஒண்ணும் கேக்கேல்ல டே.
ஒனக்க சண்ட எனக்க கூடயாக்கும்,
அவங்க கூட இல்ல."

பதினேழு வருஷம் கழித்து உள்ளே போனேன்.
பெஞ்சுகள் ஒதுங்கி வழிவிட்டன.
அந்தத் தாயும் ஒதுங்கினாள்,
என்னைப் பார்க்காமல்.
அது அவள் நியாயம்.

பெட்டி பிரசங்க பீடத்தின் அடியில்.
மண்டியிடாமல் திறக்க முடியாது.
ஸ்க்ரூடிரைவரோடு நின்றேன்.
முதுகில் முந்நூறு கண்கள்.
ஒரு அல்லேலூயா எந்த நிமிடமும் வெடிக்கலாம்.
றசலையன்தான் முதலில் குந்தினார்,
டார்ச்சை அடித்தபடி
சபையைத் திரும்பிப் பார்த்துச் சொன்னார்:
"ஆராச்சும் ஆமென் சொல்லிராதீய.
அவன் ஸ்க்ரூ கழத்துகான்."

உள்ளே எலி.
கன்வென்ஷன் நோட்டீசைக் கிழித்துக் கட்டிய கூடு,
கண் திறக்காத மூன்று குஞ்சுகள்,
கடித்துத் துப்பிய வயர்.
குஞ்சுகளை அவர் கைக்குட்டையில் வாங்கினார்.
வயரை ஒட்டி, ஃப்யூஸ் மாற்றினேன்.
சோதித்துப் பார்க்க ஏதாவது சொல்ல வேண்டுமே,
போதகர் மைக்கை நீட்டினார்.
வழக்கமான 'ஒன் டூ த்ரீ'
அந்த நாளில் வாயில் வரவில்லை.

"கேக்குதா?" என்றேன்.

நான்கு கூம்புகளும் அதை எடுத்துக்கொண்டு
சந்தைக்கும் ரப்பர் தோட்டத்துக்கும்
அதற்கப்பால் ஒன்றுமில்லாத வானத்துக்கும் போயின.
கடைசிப் பெஞ்சிலிருந்து
ஒரு பல்லில்லாத குரல்:
"கேக்குது மக்கா."

வெளியே வந்தேன்.
பின்னால் போதகர்
தாகத்தை முதலிலிருந்து தொடங்கினார்.
கஞ்சியும் பயறும் கொண்டுவந்தார் றசலையன்.
குடித்தேன், பசித்தது.
பில் எழுதினேன்: நூற்று எண்பது ரூபாய்.
காணிக்கையாக வைத்துக்கொள்ளட்டுமா என்று
அவர் கேட்கவில்லை.
எண்ணிக் கொடுத்தார், சில்லறையோடு.

மனு இன்னும் காவல் நிலையத்தில்தான் கிடக்கிறது.
நான் திரும்பப் பெறவில்லை,
பெறச் சொல்லி அவரும் வரவில்லை.
ஈஸ்டர் விடியலில் நான்கு கூம்புகளும் பாடின,
நான் போட்ட ஃப்யூஸ் வழியாக.
தலையணைக்குள் முகம் புதைத்து
மகள் திட்டினாள்,
அவர்களையா என்னையா,
சரியாகக் கேட்கவில்லை.