பதினோராவது அட்டை

சோஹார். பராமரிப்புக்கு ஆலை நின்ற
இரண்டாம் நாள்.
"ரெண்டு ஆள் தந்திருக்கேன், பிரிச்சுக் கொடு.
எல்லாத்தையும் நீயே சுமந்துக்கிட்டு அலையாதே"
என்றார் ஹிலால்.

இரவு, முகாமின் மேல் கட்டிலில்
பழைய பெர்மிட் தாளைத் திருப்பிப் போட்டு
நடுவே ஒரு கோடு கிழித்தேன்.

ஐஸ் பெட்டியும் தண்ணீரும் தாபாவுக்கு.
வெள்ளிக்கிழமை பஸ் பட்டியலும்.
காலையில் நிற்கவைத்துச் சொல்லும் பாதுகாப்புப் பேச்சும் அவனுக்கே:
என் இந்தியைக் கேட்டு
பீகார் பையன்கள் சிரிப்பதாவது நிற்கட்டும்.

கையெழுத்து ரஃபீக்குக்கு.
முத்து முத்தாய் எழுதுவான்.
தாள் வேலை எனக்கு எப்போதும் வேப்பங்காய்.

போல்ட் முறுக்குவதை மட்டும்
கோட்டுக்கு இந்தப் பக்கம் வைத்துக்கொண்டேன்.
ஸ்பேனர் முனகுவதை வைத்தே
கேஸ்கெட் அமர்ந்ததா என்று சொல்வேன்.
பத்தொன்பது வருஷக் காது.
இதை யாருக்குக் கொடுப்பது?

மூன்று நாள்
டீயைச் சூடாகவே குடித்தேன்.

அதற்கடுத்த நாள், தொட்டிக்கு மூடி போடும் நேரம்,
ரஃபீக் தாளோடு வந்தான்.
'உள்ளே ஆள் இல்லை' என்ற கட்டத்தில்
அழகான கையெழுத்து.

பார்த்தியா?
தாபா சொன்னான்.
தாபா, நீ?
பட்டியல்ல பத்துப் பேரும் வெளியே, மாஸ்டர்.
பட்டியல் யார் எழுதினது?
தாபா என்னையே பார்த்தான்.

காலையில் எழுதியது, பத்துப் பெயர்.
மதியம் சாரம் கட்டும் குழுவிலிருந்து
ஒருவனைக் கடன் வாங்கியிருந்தேன்.

மேன்ஹோல் பக்கத்துப் பலகையில்
பதினோரு ஆணி.
ஒன்றில் இன்னும் அட்டை தொங்கியது.

தலையை உள்ளே விட்டுக் கத்தினேன்.
என் குரலே சுற்றி வந்தது.
மறுபடியும்.
அப்புறம் ஆடி ஆடி ஒரு டார்ச் வெளிச்சம்,
பின்னால் ஆசிக்.
முப்பத்தாறு நம்பர் ஸ்பேனர் விழுந்துவிட்டதாம்,
தொலைத்தால் சம்பளத்தில் பிடிப்பார்களே என்று
சாரத்துக்கு அடியில் தேடிக்கொண்டிருந்தானாம்.
"ரொம்ப நேரம் ஆச்சா மாஸ்டர்?"

மூடிக்கு இருபத்துநாலு போல்ட்.
முறுக்க நான்தான் வந்திருந்தேன்,
காதைத் தீட்டிக்கொண்டு.

இரவு புதுத் தாள் எடுக்கவில்லை.
அதே தாளில், கோட்டைத் தாண்டி
இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் அம்புக்குறிகள்.

இப்போது முறுக்குவது தாபா.
நான் பலகையருகே நின்று அட்டைகளை எண்ணுகிறேன்,
எண்ணியதை மறுபடி எண்ணுகிறேன்,
குனிந்து உள்ளே பார்க்கிறேன்,
அப்புறம்தான் பேனா.
என் கோழிக் கிறுக்கலைப் பார்த்து
ரஃபீக் உச்சுக்கொட்டுகிறான்.

காதுதான் சொன்ன பேச்சைக் கேட்பதில்லை.
பதினேழாவது போல்ட். இன்னும் அரைச் சுற்று வேண்டும்,
இங்கிருந்தே தெரிகிறது.
நாக்கு நுனி வரை வந்துவிட்டது.
கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு
கடல் பக்கம் திரும்பி நிற்கிறேன்.

தாபா எதிர்ப் பக்கத்து போல்ட்டுக்குப் போகும் சத்தம்.
நிற்கிறான்.
திரும்பி வருகிறான்.