ஒரு கையெழுத்து குறைவு

பழைய நகரம் எங்கே என்று கேட்டேன்.
புகையிலைக் கடைக்காரி
சில்லறையை எண்ணி முடித்துவிட்டுச் சொன்னாள்:
'இப்போதுதான் அதைத் தாண்டி வந்தாய்.'

பொட்கொரிட்சா.
ஜூலை. நாற்பது டிகிரி.
ஐரோப்பா என்றால் குளிர் என்று நம்பிக்
கொண்டுவந்த கம்பளிச் சட்டை
முதுகுப் பையில் பூனைபோலச் சுருண்டு கிடக்கிறது.
பெல்கிரேட் ரயிலுக்கு இன்னும் நான்கு மணி நேரம்.

திரும்பி நடந்தேன்.
ஒரு மணிக்கூண்டு,
என் கைக்கடிகாரத்தோடு
பதினொரு நிமிடம் ஒத்துப்போகாதது.
ஒரு மசூதி. வாசலில் ஒற்றைச் செருப்பு.
ரிவர்ஸ் எடுத்தால்
எதிர்வீட்டு மாதுளை காருக்குள் வந்துவிடுகிற சந்துகள்.
பாலத்தின் அடியில் நதியைக் காணோம்,
வெயிலுக்கு எங்கோ போயிருந்தது.
அவ்வளவுதான்
ஒரு தலைநகரத்தின் முதுமை.
மிச்சத்தை விமானங்கள் தின்றன,
விமானங்கள் விட்டதைக் கட்டிடக் கம்பெனிகள்.

பதினைந்தாம் எண் வீடு.
அடுத்தது பத்தொன்பது.
நடுவில் ஓர் அத்தி மரம்,
மரத்தடியில் வெள்ளை டாக்ஸி,
கால்களைக் கதவுக்கு வெளியே நீட்டி
உறங்கும் ஒருவர்.

'என் அடுப்பங்கரையில் நிற்கிறாய்' என்றார்,
கண் திறக்காமல்.

பெயர் ஸுவ்தியா.
எழுந்து, எண்ணெய்க் கை துடைத்துக் காட்டினார்:
முன்சக்கரம் நிற்பது அடுப்பு.
பின்சக்கரம் பாத்திரத் தொட்டி.
அத்தி முளைத்தது
அப்பாவும் சித்தப்பாவும் குறுக்கே எழுப்பிய சுவரில்.
கூரை போரில் போகவில்லை என்றார்,
கொஞ்சம் வெட்கத்தோடு.
மழையில் போனது.
ஓடு மாற்றும் செலவு யார் தலையில் என்று
தீர்வதற்குள்.

ஒன்பது வாரிசுகள்.
பத்து மாடி கட்ட மூன்று முறை ஆள் வந்தாயிற்று.
எட்டுப் பேர் கையெழுத்துப் போட்டுவிட்டார்கள்.
மால்மோவில் இருக்கும் மிர்ஸெடா மட்டும் மாட்டேன் என்கிறாள்.

'பாசமா?'

'பாசம்!
எண்பத்தெட்டில் என் மனைவி
அவளிடம் இரவல் வாங்கிய தையல் இயந்திரத்தை
ஊசி ஒடித்துத் திருப்பிக் கொடுத்தாள்.'

இதற்கு எனக்கு மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை.
பங்காளிச் சண்டைக்கு
எந்த ஊரிலும் ஒரே இலக்கணம்.
பாதுகாக்கப்பட்ட சின்னம் என்று
ஒரு பலகை இல்லை இங்கே. வேலி இல்லை.
பத்து மாடியைத் தடுத்து நிற்கிறது
ஓர் ஒடிந்த ஊசி.

பழம் பறித்துக் கொடுத்தார்.
காம்பில் பால் கசிந்தது.
ஸ்டேஷன் வரை கொண்டுவிடுகிறேன், மீட்டர் போட்டுத்தான் என்றார்.
வண்டி நகர்ந்தபோது திரும்பிப் பார்த்தேன்:
அடுப்பு இருந்த இடத்தில்
தோசைக்கல் அகலத்துக்கு எண்ணெய்க் கறை.

பாதி வழியில் போன் அடித்தது.
ஓரம் கட்டினார்.
குரல் தாழ்ந்தது, பிறகு ஏறியது,
பிறகு நீண்ட நேரம்
ம், ம் என்பது மட்டும்.
மீட்டர் ஓடிக்கொண்டிருந்தது.

வாயைப் பொத்திக்கொண்டு என் பக்கம் திரும்பினார்:
'மால்மோ.
வருஷத்துக்கு ஒரு தரம் கூப்பிடுவாள்.
அத்தி இந்தத் தடவை எப்படி என்கிறாள்.
புளிப்பு என்று சொல்லிவிட்டேன்.'

என் விரல்கள்
ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருந்தன.