நான்காவது கோலம்

தக்குவாரெம்போ மருத்துவமனை. செப்டம்பர்.
கம்பளி கத்தரிக்கும் பருவம் பிறந்து இரண்டு வாரம்.
எலாதியோ பெந்தன்கூர் தொப்பியைக் கழற்றி
முழங்காலில் கவிழ்த்துவிட்டுச் சொன்னார்:
வேலையில் மட்டும்தான் விழுகிறேன், சுல்மா அம்மா.
வீட்டில் விழுவதில்லை.
குடித்தாலும் விழுவதில்லை.

கோப்பில் எனக்கு முன் மூன்று கையெழுத்துகள்.
கருவி நலம்.
கம்பி நலம்.
மூன்றாமவர் எழுதியிருந்தார்: பதற்றம்.

படுக்கச் சொன்னேன்.
இடது காறையெலும்புக்குக் கீழே
தீப்பெட்டி அளவுக்கு ஒரு மேடு.
அங்கிருந்து கிளம்பும் கம்பி
ரத்தக்குழாய் வழியே இறங்கி
வலது கீழறையின் தரையில் தன்னைத் திருகிக்கொண்டிருக்கிறது.
அதன் நுனி தொட்டால் தசை சுருங்க வேண்டும்.
திரையில் அது
முதலில் ஒரு குச்சி, உடனே ஒரு மலை.
குச்சி, மலை. குச்சி, மலை.
மின்னழுத்தத்தைக் குறைத்துக்கொண்டே வந்தேன்,
இரண்டரை, இரண்டு, ஒன்று,
முக்கால் வோல்ட்டுக்கும் மலை எழுந்தது.

இடப்பக்கம் ஒருக்களித்தார்: மலை.
உட்கார்ந்தார்: மலை.
நின்றார்.
நிற்கையில் உதரவிதானம் தாழும்,
இதயம் தொங்கி நீளும்,
கம்பியின் தொய்வு கொஞ்சம் இழுபடும்,
மூச்சை அடக்கச் சொல்லிக் காத்திருந்தேன்.
மலை.
கிடந்த கோலம், இருந்த கோலம், நின்ற கோலம்,
மூன்றிலும் குறையில்லை.
இரண்டரைக்கே திருப்பி வைத்தேன்.
நான்காவது கையெழுத்துக்குப் பேனாவைத் திறந்தேன்.

வேலையில் எப்படி நிற்பீர்கள் என்றேன், சும்மா.
சிரித்தார்.
அங்கே யார் நிற்கிறார்கள்?
காட்டுங்கள்.
ஆடு வேண்டுமே.

சக்கர நாற்காலி தள்ளும் மில்ட்டனைக் கூப்பிட்டேன்.
நூறு கிலோ, நெஞ்செல்லாம் முடி.
தரையில் உட்கார், கால்களை நீட்டு,
கேள்வி கேட்காதே.
எலாதியோ அவன் பின்னால் போய்
முழங்கால்களுக்கிடையே விலாவை இறுக்கி
இடதுகையால் தாடையைத் தூக்கி
இடுப்பில் இரண்டாக மடிந்தார்.
ஐம்பத்தெட்டு வயசு உடம்பு சட்டென்று இளசானது.
வலதுகையில் இல்லாத இயந்திரம்.
வயிறு வழித்தார், தொடை வழித்தார், கழுத்துக்கு வந்தார்.
மில்ட்டன் கண்ணை மூடிக்கொண்டான்.

பிறகு அந்த நீள வெட்டு.
இடது தோள் கீழே சரிய,
வலதுகை முதுகெலும்பு நெடுக எட்ட, எட்ட,

குச்சி.
குச்சி.
குச்சி.
கம்பி கட்ட மறந்துபோன வேலிக்கால்கள்போல
சமவெளி முழுக்கக் குச்சி மட்டும்.

அவருக்குச் சொந்தத் துடிப்பு எப்போதோ கைவிட்டது.
நான் எண்ணினேன், நான்கு, ஐந்து,
நிமிருங்கள் என்று கத்தியது
அவர் காதில் விழுந்திருக்காது.
தொப்பியில்லாத தலை முன்னால் கவிழ,
ஆடு இரண்டு கைகளையும் தூக்கி
கத்தரிப்பவரைப் பிடித்துக்கொண்டது.

மல்லாந்ததும் மலைகள் திரும்பின,
ஒன்றுமே நடக்காததுபோல.
பார்த்தீர்களா என்றார் எலாதியோ, வெளுத்த உதட்டோடு.
இவ்வளவு மகிழ்ச்சியான நோயாளியை நான் கண்டதில்லை.

இத்தனை வருடமும் ஓர் இதயத்தை
அது வேலை செய்யாத நேரத்தில் கூப்பிட்டு
வேலை செய்கிறாயா என்று கேட்டிருக்கிறோம்.

ஐந்து வோல்ட்டுக்கு ஏற்றினேன்.
ஒன்பது வருட பேட்டரி நான்கானது.
அதுவும் தற்காலிகம்தான்,
கம்பியை வேறிடத்தில் நட வேண்டும்.
அக்டோபருக்குள் ஆகுமா?
இரண்டாயிரம் கோரிடேல் காத்திருக்கின்றன, அம்மா.
மில்ட்டன் தரையில் இருந்தபடியே
அவை காத்திருக்கும் என்றான்.

படிவத்தில் உடல்நிலைக்கு மூன்று கட்டம்.
கிடத்தல், இருத்தல், நிற்றல்.
ஓரத்தில் அளவுகோல் வைத்து
இன்னொரு கட்டம் போட்டேன்.
உள்ளே எழுதினேன்:
ஆட்டின் மேல், குனிந்து, இடப்பக்கம் சாய்ந்து,
கை எட்டிய தூரம் வரை.