ஐந்து லிட்டர் பால்

ஆறரைக்கே வந்துவிடுகிறார் பெள்ளி.
வேனின் கண்ணாடியில் மூடுபனி,
வைப்பர் போன வழியில் மட்டும் குன்னூர்.
பின்சீட்டில் பெல்ட் மாட்டி உட்கார்ந்திருக்கிறது கேன்:
கேசோரையில் அவர் வீட்டு மாடு கறந்தது,
ஐந்து லிட்டர், இன்னும் சூடு.

ரசீதில் நான் எழுதுவது, மூலப்பொருள்.

முதலில் ஆடை எடுப்போம்.
சொட்டு அமிலம் விட்டுத் திரித்து
திரளை வடித்தபின் மிஞ்சும் தெளிநீர்
இயந்திரத்துக்குள் போகும்,
நிமிடத்துக்கு முப்பதாயிரம் சுற்று.
எந்தச் சாமியையும் கும்பிடாதவள் நான்,
அந்த ஒன்றரை மணி நேரம் மட்டும்
பர்லியாறில் மரம் எதுவும்
கம்பிமேல் விழாதிருக்க வேண்டிக்கொள்வேன்.
குழாயின் அடியில் கடைசியில்
நகக்கண் அளவுக்கு ஒரு மங்கல்.
அதில் கோடானுகோடிப் பைகள்.

செல் தன்னிலிருந்து கிள்ளிப் போடும் பை.
குப்பை என்றே வெகுநாள் நினைத்திருந்தார்கள்.
பிறகுதான் தெரிந்தது, தபால் என்று.
புற்றும் இதே உறையில்தான் எழுதுகிறது
நுரையீரலுக்கு, எலும்புக்கு, ஆள் போகும் முன்பே:
வருகிறேன், இடம் ஒதுக்கி வை.

ஆகவே நாங்களும் எழுதுகிறோம்.
மின்னதிர்வு ஒன்றில்
பையின் தோல் இமைப்பொழுது விலகும்.
அதற்குள் நுழைக்க வேண்டும்
நான்கே எழுத்துள்ள மொழியில்
இருபத்தோரு எழுத்து.
தமிழில் சொன்னால்: வாயை மூடு.
பெருகு பெருகு என்று
ஓயாமல் கத்தும் அந்த ஒற்றை மரபணுவுக்கு.
உறைமேல் ஒட்டும் புரதத் துணுக்குதான் விலாசம்.

விலாசம் எழுதினால் போய்ச் சேருமா?
எங்கள் எலிகளில் முக்கால்வாசி
கல்லீரலிலேயே இறங்கிவிட்டன,
மேட்டுப்பாளையத்தில் டீ குடிக்க இறங்கி
பஸ் ஏற மறந்தவர்கள் மாதிரி.
மிச்சத்தில் சில, கதவைத் தட்டின.
பதினேழாம் எலிக்குக் கட்டி பாதியானது.
பதினெட்டுக்கு இல்லை.
ஏன் என்று கேட்டே இந்த வருஷம் போகிறது.

ஐப்பசியில் மாதிக்குக் கணையத்தில் என்றார்கள், கோவையில்.
பெள்ளி லீவு போடவில்லை.
ஆறரை. கேன். பெல்ட்.
ஒருநாள் மட்டும்
கையெழுத்துப் போட்ட பேனாவைத் திருப்பித் தராமல் நின்றார்.
"எம் மாட்டுப் பாலுதானே மேடம்."
அவ்வளவுதான். கேள்விகூட இல்லை அது.

சொன்னேன்: இப்போதுதான் எலி,
பிறகு பெரிய விலங்கு, பிறகு அனுமதி,
அதற்கும் பிறகு...
சொல்லிக்கொண்டிருக்கும்போதே முதுகுக்குப் பின்னால்
மைனஸ் எண்பது ஃப்ரீசர் முனகத் தொடங்கியது.
மூன்றாம் தட்டில் நாற்பது குப்பி.
சாவி என் கோட்டுப் பையில்.
அந்தக் குப்பிகள் மாதியை என்ன செய்யும் என்று
எனக்குத் தெரியாது.
தெரியாது என்பதைத்தான்
அத்தனை வார்த்தையில் சொன்னேன்.

தலையாட்டினார்.
"அவளும் இதைத்தான் குடிக்கிறா.
ராத்திரி அரை டம்ளர். அதுக்குமேல இறங்கல."

ஒவ்வொரு மடக்கிலும் கோடிக்கோடி உறைகள்.
வயிற்றின் புளிப்பைத் தாண்டி
ரத்தம்வரைகூடச் சில போகலாம்.
உள்ளே கன்றுக்கு எழுதிய ஏதோ இருக்கும்.
அவளுக்கு எழுதியது இல்லை.

அன்று கேனில் அரை லிட்டர் மிச்சம் விட்டு மூடினேன்.
ரசீதில் ஐந்து என்றே எழுதினேன்.
அவர் தூக்கிப் பார்த்தார், கனம் தெரிந்திருக்கும்,
ஒன்றும் சொல்லாமல் பெல்ட் மாட்டினார்.

பைகளின் எண்ணிக்கை குறைந்ததற்குக்
காரணம் கேட்கும் கட்டத்தில்
மின்வெட்டு என்று போட்டேன்.