செவ்வாய்க்கிழமை

தகரக் கூரைக்குக் கீழே மரத்தூள் விரித்த வட்டம்.
நெப்ராஸ்காவின் மேற்கு ஓரம், ஆகஸ்ட்.
பீட்கிழங்கு வயல்களைத் தாண்டி வந்த காற்று
வாசலிலேயே சோர்ந்து நிற்கிறது.
கடைசிச் சுற்றில் நாங்கள் நால்வர்.
கயிறு கிடையாது, கழுத்துப்பட்டை கிடையாது.
தாடைக்கு அடியில் ஒரு கை, பிடரியில் ஒரு கை,
முழங்காலில் ஆட்டின் நெஞ்சு.

என் கிடாவுக்குப் பெயர் இல்லை. காது வில்லை 418.
விற்கப்போவதற்குப் பெயர் எதற்கு என்று
ஏப்ரலிலேயே முடிவு செய்திருந்தேன்.
வங்கிக் கடன் முந்நூற்றைம்பது டாலர்,
நூற்றிருபது நாள் தீவனம்,
காலை ஐந்தரைக்கு வாய்க்கால் கரையில் நடை,
எல்லாம் பென்சிலில்,
இளையோர் மன்றம் கொடுத்த பதிவேட்டில்.
பள்ளிக்கூடத்தில் வராத பின்னக் கணக்கு
பார்லியும் சோளமும் கலக்கும்போது வந்தது.

நடுவர் பக்கத்துக் கவுன்டிக்காரர்.
பூட்ஸில் காய்ந்த சேறோடு வந்திருந்தார் அந்த அம்மாள்.
மைக்கைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார்:
"ஆடுகளை மாற்றிக்கொள்ளுங்கள்."

வழக்கம்தான். எதிர்பார்த்ததுதான்.
பழகிய ஆடு யார் கையிலும் நிற்கும்,
அடுத்தவன் ஆடு உன் கையில் நிற்குமா என்று பார்ப்பார்கள்.
ஆனாலும் என் வயிற்றில் ஏதோ புரண்டது.

ஹிமேனா அர்ரெதோந்தோ.
சர்க்கரை ஆலைக்குப் பின்னால் வீடு.
மாமாவின் கார் கொட்டகையில் ஆடு வளர்த்தவள்.
தன் கனேலாவை என்னிடம் தந்துவிட்டு
418-இன் தாடைக்கு அடியில் கை கொடுத்தாள்.
கொடுத்த கை அங்கேயே நின்றுவிட்டது.

இடது காதுக்குக் கீழே.
மொச்சைக்கொட்டை அளவுதான்.
காலைச் சோதனையில் யார் விரலுக்கும் படவில்லை.
இரவு கழுவும்போது என் விரலுக்குப் பட்டது.

"இந்த ஆட்டில் நீ எதை மாற்றுவாய்?"
ஒவ்வொருவரிடமும் அதே கேள்வி.
முதல் பையன் முதுகு நீளம் என்றான்.
நான் கனேலாவின் தொடைச் சதையைப் பற்றி
புத்தகத்தில் இருப்பதைச் சொன்னேன்.
ஹிமேனா கொஞ்சம் பொறுத்துச் சொன்னாள்:
"முதலில் ஒரு டாக்டர் இங்கே தொட்டுப் பார்க்கவேண்டும்.
மற்றதெல்லாம் அப்புறம்."

நடுவர் குனிந்தார். தொட்டார்.
நிமிர்ந்தபோது அவளைப் பார்க்கவில்லை.
"கோல்பி, எப்போதிலிருந்து?"

இப்போதுதான் தெரியும் என்ற பதில்
நான் போட்டிருந்த வெள்ளைச் சட்டையைப் போல
துவைத்துத் தேய்த்துத் தயாராக இருந்தது.

"செவ்வாய்க்கிழமை" என்றேன்.

அன்று வெள்ளி.

பெஞ்சில் அப்பா தொப்பியைக் கழற்றி
உள்ளே எதையோ தேடுபவர்போல் பார்த்து
மறுபடி போட்டுக்கொண்டார்.
சீழ்க்கட்டி என்றால் ஒட்டுவாரொட்டி,
உடைந்தால் மந்தைக்கே பரவும்.
மூன்று வருஷத்துக்கு முன் வினாடி வினாவில்
இந்தப் பதிலைச் சொல்லிப் பரிசு வாங்கியவனே நான்தான்.

ஏலப் பட்டியலில் 418 அடிக்கப்பட்டது.
கொட்டகைப் பொறுப்பாளர்
ப்ளீச் வாளியை என் முன்னால் வைத்துவிட்டுப் போனார்.
அந்த வரிசையில் பத்தொன்பது பட்டிகள்.

பதினோராவது பட்டியில் இருந்தபோது அவள் வந்தாள்,
பின் பாக்கெட்டில் இரண்டாம் பரிசு ரிப்பன் மடங்கிக் கிடக்க.
மன்னித்துக்கொள் என்று சொல்லவில்லை.
நல்லவேளை.
"கனேலா உன்னிடம் இருந்தபோது
வலது பின்னங்காலை முழுசாக ஊன்றினாளா?"

ஊன்றவில்லை.
வட்டத்திலேயே கவனித்திருந்தேன்.
நடுவரிடம் தொடைச் சதையைப் பற்றிப் பேசினேன்.

"இல்லை," என்றேன். "குளம்பைப் பார்."
தலையாட்டினாள். ஓடினாள்.

பதிவேட்டில் செவ்வாய்க்கு நேராக, உடல்நலம்: நன்று.
ரப்பர் வைத்துத் தேய்த்தேன்.
காகிதம் மெலிந்ததுதான் மிச்சம், எழுத்து போகவில்லை.
அப்படியே விட்டுப் பக்கத்தில் பேனாவால் எழுதினேன்:
கட்டி, இடது தாடை. அன்றே தெரியும்.
அடியில் நஷ்டக் கணக்கு. அது மட்டும்
ஒரே தடவையில் சரியாக வந்தது.

பிறகு டார்ச்சை எடுத்துக்கொண்டு
தனிப்பட்டிக்குத் தண்ணீர் வைக்கப் போனேன்.
418 எழுந்து வந்தது.
யாரும் பார்க்காத அந்த இருட்டில்
நான்கு காலையும் சதுரமாக ஊன்றி
நெஞ்சை என் முழங்காலில் அழுத்திக்கொண்டு
நின்றது,
இன்னும் சுற்று முடியவில்லை என்பதுபோல.