இரண்டு விரல்

ஹெல்யு அழவில்லை, திட்டவில்லை.
"சுவரிலிருந்து எறும்பு வருகிறது" என்றாள் தொலைபேசியில்.
"பெரிது. கறுப்பு. காலையில் காபிக் கோப்பைக்குள் ஒன்று."
எறும்பு ஊரக் கல்லும் தேயுமாம்.
மரத்துக்கு அத்தனை பொறுமை கிடையாது.

ஒன்பது வருடம் முன்பு
அந்த மரமேடையை அடித்தவன் நான்.
ஜூன் இருபத்துமூன்று, தீ மூட்டும் இரவு,
விருந்துக்குப் பதினான்கு பேர்.
ஹீயுமா தீவில் நாலே நாள்தான் மழை விட்டிருந்தது.
"சந்து விடாதே, என் தோடு விழுந்துவிடும்" என்றாள்.
வாடிக்கையாளர் சொன்னார் என்பது
எனக்கு நானே எழுதிக்கொடுத்த ரசீது.
அவசரம் என்னுடையது.
கரைக்குத் திரும்பும் கப்பல் ஆறு மணிக்கு.

வீட்டு முகப்போடு ஒட்டி
முதல் சட்டத்தை முடுக்கினேன்.
பதினோரு திருகாணி.
ஒவ்வொன்றும் நீருக்கு ஒரு வாசல் என்று
தெரியாதவனா?
தெரியும்.
தெரிந்ததைக் கருவிப் பெட்டியில் வைத்துப் பூட்டிக்கொண்டு
கப்பலைப் பிடித்தேன்.

பிறகு தண்ணீர் வேலைக்கு வந்தது.
அதற்குக் கூலி இல்லை, ஞாயிறு இல்லை.
அக்டோபர் மழை மேடையில் பட்டுத் தெறித்து
முழங்கால் உயரத்துக்குச் சுவரை நனைத்தது.
ஜனவரிப் பனி முதுகைச் சாய்த்து உட்கார்ந்தது,
மார்ச்சில் பகலெல்லாம் கசிந்து
இரவெல்லாம் இறுகியது.
சட்டத்துக்கும் சுவருக்கும் நடுவே
ஒரு தாள் கனத்து இருட்டில்,
காற்று எட்டிப் பார்க்காத இடத்தில்,
ஈரம் குடித்தனம் வைத்தது.

மேலே மஞ்சள் வண்ணம்.
இரண்டு கோடையில் இரண்டு பூச்சு.
தெருவிலிருந்து பார்த்தால் சிரித்த வீடு.

இன்று சட்டத்தைப் பெயர்க்கிறேன்.
ஒன்பதாவது திருகாணியைச் சுற்றவே வேண்டியிருக்கவில்லை.
இழுத்ததும் வந்தது, பால்பல் போல.
ஸ்க்ரூடிரைவரைச் சுவர்ப் பலகையில் வைத்தேன்.
குத்தவில்லை. வைத்தேன்.
பிடி வரைக்கும் போனது.
"எவ்வளவு?" என்றாள் ஹெல்யு.
பணத்தைக் கேட்டாளா, ஆழத்தைக் கேட்டாளா!
"அடிச்சட்டம் வரை" என்றேன்
அவள் முகத்தைப் பார்க்காமல்.

அழுகியதை அறுத்துப் போட்டோம்.
மிச்சம் காய ஆறு நாள்.
மீன் புகைபோடும் கொட்டகையிலிருந்து
ஓலெவ் மின்விசிறி கொண்டுவந்து வைத்தான்.
சுவர் உலர்ந்தது,
வீடு முழுக்க விலாங்கு மணத்தது.

புதிய மேடை தன் கால்களில் நிற்கிறது.
வீட்டின் மேல் ஒரு ஆணி பாரம்கூட இல்லை.
மேற்பலகைக்கு அடியில் தகடு செருகி
அதன் விளிம்பைக் கீழே மடித்தேன்,
துளி திரும்பிச் சுவருக்கு நடக்காதபடி.
கதவுப் படிக்கு ஒரு சாண் தாழ்வு.
சுவரோரம் மண்ணில் கூழாங்கல்,
தெறிப்பை அது வாங்கிக்கொள்ளட்டும்.
பிறகு, சுவர் நெடுக,
இரண்டு விரல் இடைவெளி.

"தோடு?" என்றாள்.
"விழும்.
இடப்பக்கம் நாலாவது பலகையைத் திருகவில்லை.
தூக்கிப் பார்க்கலாம்."

கூலி வேண்டாம் என்றேன்.
மரத்துக்கான பணத்தைக் கையில் திணித்தாள்.
"பாதி அவசரம் என்னுடையது."
வாதாடிக்கொண்டிருந்ததில்
ஆறு மணிக் கப்பல் போய்விட்டது.

இரவு மழை வந்தது.
கதவைத் திறந்துவைத்து நின்றோம்.
தகட்டில் இறங்கிய நீர்
மடிப்பில் கொஞ்சம் தயங்கி
எங்களுக்கும் வீட்டுக்கும் நடுவே விழுந்தது.
கீழே கல்லில் டக், டக்.

ஹெல்யு காபிக் கரண்டியை நக்கிவிட்டு
சந்துக்குள் போட்டாள்.
வேண்டுமென்றேதான்.
சத்தம் எங்கே என்று குனிந்து கேட்டாள்.

"நாலாவது இல்லை" என்றாள்,
"ஆறாவது பலகைக்குக் கீழே.
காலையில் அதையும் கழற்றிவிடு."