பெருவத்தம்

இன்று கடலின் மதிப்பெண் நூற்றுப் பதினான்கு.
மார்ச்சில் இப்படி ஒரு வத்தம் வந்தால்
பிரெத்தாஞ் கரை முழுக்கக் குனிந்துவிடும்.
ரென் நகரத்துக் கார்கள் தேவாலயம் வரைக்கும் நிற்கின்றன.
ரப்பர் பூட்ஸ், முள்வாரி, உப்பு டப்பா,
கல்யாண மோதிரத்தைக் கழற்றிக்
காருக்குள் வைத்துவிட்டு வரும் ஒருவர்.

எனக்குக் கொடுத்திருப்பது உள்ளங்கையில் அடங்கும் ஓர் எண்ணி.
தலைக்கு ஒரு சொடுக்கு.
தலை என்பது பேச்சுக்கு.
மணலில் தெரிவதெல்லாம் முதுகு.

பிறகு கற்கள்.
பத்தில் எத்தனை புரட்டியபடியே கிடக்கின்றன என்று
படிவம் கேட்கிறது.
ஏழு. பாசி கீழே, வெளுத்த அடிவயிறு வெயிலில்.
திருப்பி வைத்துக்கொண்டே போனால் கணக்குத் தவறும்.
வைத்தேன். தவறியது.

பேருந்து ஓட்டி ஓய்வு பெற்ற லெ ப்ரிஜான்
வாளியைத் துணியால் மூடிக்கொண்டு கேட்டார்:
"ட்ராலர்களையும் இப்படித்தான் சொடுக்குவாயா?"
பதில் இல்லை.
அவரையும் ஒன்று சேர்த்துக்கொண்டேன்.

கறுப்புப் பாறைக்குப் பின்னால் என் இடம்.
கோனொகானிடம்கூடச் சொன்னதில்லை,
பத்தொன்பது வருடமாக ஒரே வீடு, ஒரே தலையணை உயரம்.
ஈர மணலில் பக்கம் பக்கமாய் இரண்டு துளை தெரிந்தால்
கீழே ஒரு மட்டி மூச்சு விடுகிறது.
இன்று அங்கே பதினொரு முதுகு.
சொடுக்கினேன்,
வேண்டியதற்கு மேல் அழுத்தி.

அதில் ஒருத்தி நிமிர்ந்தாள். முழங்கை வரை சேறு.
"இது போதுமா? என் முதல் மட்டி."
அளவுகோலின் துளையில் வைத்ததும் நழுவி விழுந்தது.
மூன்று மில்லிமீட்டர்.
"நானே புதைத்துவிடுகிறேன்" என்று வாங்கினேன்
அவள் முகத்தைப் பார்க்காமல்.

அதற்குள் வெள்ளம் திரும்பிவிட்டது.
எதிரே வராது அது, ஓடைகளில் புகுந்து
முதுகுப் பக்கமாக வரும்.
கத்தினோம், கை வீசினோம்.
ஆயிரத்து முந்நூற்றுச் சொச்சம் பேர்
வாளி கனக்க மேடேறினார்கள்.
சிலர் கனக்காமல்.

இரவு கோட்டை மாட்டும்போது
பைக்குள் எண்ணியோடு ஏதோ இடித்தது.
அதுதான்.
மேலே பத்து மீட்டர் தண்ணீர் நிற்கும் இப்போது
அதன் வீட்டின்மேல்.

கிண்ணத்தில் உப்பு நீர் ஊற்றிப் போட்டேன்.
வெகுநேரம் கல் மாதிரிக் கிடந்தது.
பிறகு லேசாகத் திறந்து
மேசைமேல் இருந்த படிவத்தை நனைத்தது.

"எங்கே எடுத்தாய்?" என்றான் கோனொகான்.
சொல்லாமல் இருந்திருக்கலாம்.
"கறுப்புப் பாறைக்குப் பின்னால்."

அவன் கரண்டியைக் கீழே வைத்தான்.
"அது என் இடம்" என்றான்.